மலை ஏறிய வலி என்றே நினைத்தேன்

தேவி, சுகு,

போன வாரம் உங்கள் ரெண்டு பேரையும் ரத்தம் எடுக்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். "நாங்க நல்லாத்தானே இருக்கோம், எதுக்குப்பா?" என்று தேவி கேட்டாள். சுகு ஊசி என்றதுமே பேட்மிண்டன் மட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் பதில் சொல்லாமல் பேப்பரை விரித்துக்கொண்டேன். பதில் இல்லாமல் இல்லை. எங்கே ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

தைப்பூசத்துக்குப் பிறகு நான் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது கால்வலியால் என்று உங்களிடம் சொல்லியிருந்தோம். அது பாதிதான். மீதியை இதில் எழுதுகிறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் எழுத முடியும். புரியாத இடத்தில் புரியவில்லை என்றே எழுதிவிடுகிறேன். அப்படிப்பட்ட இடங்கள் நிறைய வரும்.

உங்கள் பெரியப்பாவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அண்ணன் இறந்தபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. தேவிக்கு அப்போது மூன்று வயது, சுகு பிறக்கவில்லை. அண்ணன் ஒல்லியான ஆள். சிகரெட் இல்லை, தண்ணி இல்லை. பண்டமாரான் திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர் பாதி ஆட்டத்தில் வந்து மோட்டார் சைக்கிளில் சாய்ந்து உட்கார்ந்தார். களைப்பில் கண்ணை மூடியிருக்கிறார் என்று மற்றவர்கள் விளையாடிக்கொண்டே இருந்தார்கள். ஆட்டம் முடிந்து எழுப்பப் போனபோதுதான் தெரிந்தது. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். இவ்வளவு ஒல்லியான மனிதருக்கு எப்படி என்று எல்லோரும் கேட்டோம். யாரும் பதில் சொல்லவில்லை. நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம்.

எனக்கு நாற்பது ஆன பிறகு கம்பெனியில் வருஷம் ஒரு முறை உடம்பைப் பார்க்க அனுப்பினார்கள். கம்பெனி ஏற்பாடு செய்து வைத்திருக்கிற கிளினிக், பேனல் கிளினிக் என்று சொல்லுவோம். அங்கிருந்த டாக்டர் ரத்தத்தில் கொழுப்பு இருக்கிறது என்று சொல்லிச் சாப்பாட்டுக்கு முன்னால் போடும்படி ஒரு கேப்ஸ்யூல் கொடுத்தார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். உறையில் என் பெயர் இருந்தது, எத்தனை வேளை என்று இருந்தது, மருந்தின் பெயர் இல்லை. நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு மாதமும் போய் வாங்கி, வேலை இடத்தில் என் லாக்கரில் வைத்துப் போட்டு வந்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்தால் உங்கள் அம்மா பயப்படுவாள் என்று.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு முன்னால், துறைமுகக் கூடாங்கில், சரக்குக் கிடங்கில், பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சில் பெல்ட் போட்டு இறுக்கின மாதிரி இருந்தது. பத்து நிமிஷத்தில் விட்டுவிட்டது. அன்றைக்கே ராஜு மாமாவைக் கூப்பிட்டு அவன் மோட்டார் சைக்கிளில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் பேனல் கிளினிக்குக்குப் போகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். மாமாவும் கேட்டான்.

"மச்சான், கம்பெனி கிளினிக் பக்கத்துலதானே இருக்கு. இவ்வளவு தூரம் எதுக்கு?"

"நெஞ்சுன்னு அங்க சொன்னா நாளைக்கே மண்டோர் காதுக்குப் போயிரும். லெட்சுமணனை என்ன பண்ணாங்கன்னு தெரியும்ல?"

லெட்சுமணன் என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். நெஞ்சு வலி என்று ஒரு தடவை வாயைத் திறந்தார். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் அவரை வண்டியிலிருந்து இறக்கி, கேட்டில் உட்கார்ந்து உள்ளே வரும் லோரியை எண்ணச் சொல்லிவிட்டார். பையன்கள் அவரைத் தாண்டும்போது "என்ன பென்ஷன், எத்தனை லோரி வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். நானும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று முறை போய்க் காத்திருந்து எல்லாம் பார்த்தார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டி, காகிதத்தில் ஈ.சி.ஜி. கோடு இழுத்தார்கள். ஓடுகிற பட்டையின் மேல் நடக்க வைத்தார்கள். பெரிய அடைப்பு எதுவும் இப்போதைக்குத் தெரியவில்லை, ஆனால் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகவும் அதிகம் என்றார்கள். என்னைப் பார்த்தது டாக்டர் வாசுகி. பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த பெண், முப்பது வயசு இருக்கும். தமிழும் இங்கிலீஷும் கலந்து வேகமாகப் பேசுவார். அவர் செய்த முதல் காரியம் எனக்கு விளங்கவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி இருக்கிற தசைநாரைக் கிள்ளிப் பார்த்தார்.

"அங்கிள், இது ரொம்பத் தடிமனா இருக்கு. எப்பவும் இப்படித்தானா?"

"எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் டாக்டர். குடும்பத்துல எல்லாருக்கும் பின்னங்கால் பலம்."

அவர் சிரிக்கவில்லை. அண்ணனைப் பற்றிக் கேட்டார். நான் சொன்னேன். ரொம்ப நேரம் எழுதினார். சில குடும்பங்களில் இது பரம்பரையாக வருமாம். சாப்பாட்டால் மட்டும் வருவது இல்லையாம். ஈரல்தான் கொலஸ்ட்ராலைச் செய்கிறதாம். உடம்புக்கு அது கொஞ்சம் தேவையும்கூட. மிஞ்சிப்போனதை ரத்தத்திலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ளவும் ஈரலுக்குத் தெரியும். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த இழுக்கிற வேலை சரியாக நடக்காதாம். அதனால் ரத்தத்திலேயே தேங்கி, குழாய்ச் சுவரில் படிந்து, குதிகால் தசைநாரில்கூடப் படிகிறது. பலம் என்று நான் நினைத்தது கொழுப்பு.

ஒல்லியாக இருந்த அண்ணனுக்கு எப்படி என்ற கேள்விக்கு இத்தனை வருஷம் கழித்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தபோது பதில் கிடைத்தது. ஆனால் ஒரு குழப்பம் போய் இன்னொன்று வந்தது. நான் சாப்பிடாமலே என் உடம்பு கொழுப்பைச் செய்துகொண்டிருக்கிறது என்றால், நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அவர் லோவாஸ்டாட்டின் என்று ஒரு மாத்திரை கொடுத்தார். ராத்திரிச் சாப்பாட்டோடு ஒன்று. அது ஈரல் கொலஸ்ட்ரால் செய்கிற வேலையில் ஒரு படியை அடைத்துவிடுமாம். செய்ய முடியாமல் போகும்போது ஈரல் தனக்கு வேண்டியதை ரத்தத்திலிருந்து இன்னும் பலமாக இழுக்க ஆரம்பிக்கும். அப்படித்தான் ரத்தத்தில் குறைகிறது. ஈரல் ராத்திரியில்தான் அதிகம் செய்யும், அதனால்தான் ராத்திரி மாத்திரை. ஆரம்பிப்பதற்கு முன்பே ஈரல் நல்லபடி இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார். எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடாமல் ஒன்று கேட்டார்.

"வேற எங்கயாவது மருந்து எடுக்குறீங்களா அங்கிள்? கிளினிக்ல, கடையில, எதுவா இருந்தாலும்?"

"இல்ல டாக்டர்."

அவ்வளவுதான் சொன்னேன். அந்த நேரத்தில் என் மனசில் என்ன ஓடியது என்று எழுதிவிடுகிறேன். கிளினிக் என்று சொன்னால் இந்தப் பெண் அங்கே ஒரு லெட்டர் எழுதும். லெட்டர் போனால் மண்டோருக்குத் தெரியும். தெரிந்தால் நான் கேட்டில் உட்கார்ந்து லோரி எண்ணுவேன். அந்தக் கேள்வி மருந்துக்காகக் கேட்ட கேள்வி என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆளை விசாரிக்கிற கேள்வியாகத்தான் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு இரண்டையும் போட்டேன். கிளினிக் கேப்ஸ்யூலை நிறுத்தவில்லை. வாங்கப் போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, இரண்டு பேர் தள்ளினால் லோரி சீக்கிரம் நகரும் என்று ஒரு கணக்கு. கொழுப்புக்குத்தானே இதுவும், கொழுப்புக்குத்தானே அதுவும். இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. நல்லதுதான் நடக்கிறது என்று நினைத்தேன்.

அன்றைக்கு நெஞ்சு இறுகியபோது முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டேன். இருபத்தொரு நாள் விரதம் இருந்தேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒருவேளைச் சாப்பாடு. தண்ணீர்கூட நினைத்தால்தான் குடித்தேன். டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. சாமி காரியத்தை எதற்கு ஆஸ்பத்திரியில் சொல்வது என்று இருந்துவிட்டேன். ரதத்தோடு கோலாலம்பூரிலிருந்து பத்துமலை வரைக்கும் நடந்தேன். மறுநாள் வெயிலில் குடத்தைத் தலையில் வைத்து இருநூற்று எழுபத்திரண்டு படியும் ஏறி இறங்கினேன். நேர்ந்தபடி நடந்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலையில் தொடை இரண்டும் கல் மாதிரி இருந்தது. அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பத்துமலை ஏறிவந்த எல்லார் வீட்டிலும் மறுநாள் அப்படித்தான். ராஜு மாமா மேரு டவுனிலிருந்து நம் வீட்டுக்கு நொண்டிக்கொண்டே வந்தான்.

"மச்சான், நீங்களுமா? எனக்கு டாய்லெட்ல உட்கார்ந்தா எழுந்திருக்க முடியல லா. ரெண்டு நாள்ல சரியாயிரும், முருகன் பார்த்துக்குவாரு."

மூன்றாம் நாள் அவன் வேலைக்குப் போய்விட்டான். எனக்குக் கூடிக்கொண்டே போனது. வயசு என்று நினைத்தேன். அம்மா எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள், சுக்கும் கொத்தமல்லியும் போட்டுக் கஷாயம் கொடுத்தாள். தேய்க்கும்போது வலியில் பல்லைக் கடித்தேன். நேர்த்திக்கடனில் இதுவும் சேர்த்தி என்று பொறுத்துக்கொண்டேன். அந்த மூன்று நாளும் இரண்டு மருந்தையும் ஒழுங்காகப் போட்டேன். லாக்கரில் இருந்து அந்த நாட்களுக்கு வேண்டிய கேப்ஸ்யூல்களை மட்டும் பண்டிகை விடுமுறைக்காகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவக் கையைத் தூக்கினேன். கை மேலே வரவில்லை. அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலை ஏறுனது காலுதானே? கை எதுக்கு வலிக்குது?"

"பால்குடத்தைப் பிடிச்சிருந்தேன்ல."

"பால்குடத்தை நானும்தான் பிடிச்சேன்."

அவளும் என்னோடுதான் ஏறினாள், நினைவிருக்கிறதா? அவளுக்கு வலி போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. அப்போதுதான் அவளிடம் இன்னொன்றைச் சொன்னேன். முந்தின நாளிலிருந்து சிறுநீர் கோப்பி-ஓ நிறத்தில், பால் விடாத கறுப்புக் காப்பி மாதிரி, போய்க்கொண்டிருந்தது. விரதச் சூடு, பார்லி குடித்தால் போய்விடும் என்று நானே ஒரு வைத்தியம் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அம்மா உடனே பக்கத்து வீட்டு ஆன்டியிடம் போய் ராஜு மாமாவின் பேஜருக்கு அடிக்கச் சொன்னாள்.

அரசாங்க ஆஸ்பத்திரிக்கே போனோம். அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் மிஸ்ஸி ஓட்டமாக வந்தார். எங்களோடு உட்கார்ந்திருந்தவர்களை விட்டுவிட்டு என்னை மட்டும் தள்ளுகட்டிலில் ஏற்றினார். நடந்து வந்தவனை எதற்குப் படுக்க வைக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கையில் டிரிப் ஏற்றினார்கள். சிறுநீருக்குக் குழாய் போட்டு, பையில் எவ்வளவு இறங்குகிறது என்று மணிக்கு ஒரு தடவை அளந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பையில் இருந்தது கறுப்புத் தண்ணீர்.

வார்டுக்கு வந்தது டாக்டர் வாசுகிதான். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். தசை உடைந்துகொண்டிருக்கிறது என்றார். எலும்பு உடையும், தசை எப்படி உடையும் என்று கேட்டேன். தசைக்குள் இருக்கிற சரக்கு ரத்தத்தில் கொட்டுகிறது. கொட்டினதைச் சிறுநீரகம் வடிகட்டப் பார்க்கிறது. அளவுக்கு மீறிப்போனால் அது அடைத்துக்கொள்ளும். அந்தச் சரக்கின் நிறம்தான் கோப்பி-ஓ. தண்ணீரை நிறைய ஏற்றி அலசிவிட வேண்டும். சிறுநீரகம் கேட்காமல் போனால் மிஷினில் போட்டு ரத்தத்தைக் கழுவ வேண்டிவரும். தசை எவ்வளவு உடைந்திருக்கிறது என்று காட்டும் ஒரு ரத்தச் சோதனை உண்டாம், சி.கே. என்றார். எனக்கு வந்த எண்ணை அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"மிஷினில் போட்டா திரும்ப எடுத்துருவீங்களா டாக்டர்?" என்று அம்மா கேட்டாள்.

"பெரும்பாலும் எடுத்துரலாம் ஆன்டி. இப்பவே அதைப் பத்தி யோசிக்க வேணாம்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "அங்கிள், நான் கொடுத்த மாத்திரையால இப்படி வர்றது உண்டு. ஆனா ரொம்ப அபூர்வம். நீங்க எடுத்த அளவுக்கு, இவ்வளவு மோசமா, எனக்குப் புரியலை. வேற எதாவது எடுத்தீங்களா?"

இரண்டாவது தடவை அதே கேள்வி. நான் விரதத்தைச் சொன்னேன், நடந்ததைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். அதுவும் சேர்ந்திருக்கும், ஆனால் போதாது என்றார். நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். இன்றைக்கும் எனக்கு விளங்காத இடம் இதுதான், பிள்ளைகளா. என் சிறுநீர் கறுப்பாகப் போகிறது, மிஷின் என்ற சொல் காதில் விழுந்துவிட்டது, அப்போதும் என் மனசு ஃபோர்க்லிஃப்டைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கேப்ஸ்யூலுக்கும் இந்த வலிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குப் படவில்லை என்பது உண்மை. படாமல் இருக்கட்டும் என்று நானே பார்த்துக்கொண்டேன் என்பதும் உண்மையாக இருக்கலாம்.

டாக்டர் அம்மாவிடம் சொன்னார்: வீட்டில் என்னென்ன மருந்து, எண்ணெய், லேகியம் இருக்கிறதோ எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். மறுநாள் மதியம் அம்மா பிஸ்கட் டின் நிறையக் கொண்டுவந்து கட்டிலில் கொட்டினாள். தைலம், சுக்கு, திரிபலாப் பொடி, சுகுவின் இருமல் மருந்து, தலைவலி மாத்திரை, பெயர் தெரியாத ஒரு சூரணம். டாக்டர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்க்காரப் பெரியவர், பாக்சிக் என்று கூப்பிடுவேன், பாசாரில் மீன் விற்பவர். அவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கடை போட்டுவிட்டீர்களா, எனக்கும் முட்டிவலி இருக்கிறது என்று மலாயில் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

டாக்டர் அந்தச் சூரணத்தை எடுத்துத் தனியாக வைத்தார்.

"ஆன்டி, இது என்ன? யார் கொடுத்தாங்க?"

"எங்க சின்னம்மா ஊர்ல இருந்து கொண்டு வந்தது டாக்டர். உடம்பு வலிக்கு. கஷாயத்துல ஒரு சிட்டிகை போட்டேன்."

"எத்தனை நாள்?"

"மூணு நாள்." அம்மா என்னைப் பார்த்தாள், திரும்ப டாக்டரைப் பார்த்தாள். "நான் கொடுத்ததுதானா டாக்டர்? என்னாலதானா?"

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. சோதனைக்கு அனுப்புகிறேன் என்றுதான் சொன்னார். ஆனால் அம்மா டின்னைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்தால், கேட்டு முடித்து, தீர்ப்பும் எழுதிவிட்டாள் என்று தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

"அவ இல்ல டாக்டர்," என்றேன். "இன்னொரு மருந்து இருக்கு. லாக்கர்ல இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். என்ன மருந்து என்று கேட்டார். பெயர் தெரியாது, பாதி வெள்ளை பாதி செம்பழுப்பு, கொழுப்புக்கு என்றேன். அவர் பேனாவை மூடினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்பாடா," என்றார். எனக்கு அது புரியவில்லை. காரணம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதி என்று பிறகு சொன்னார். கிளினிக்குக்கு அவரே போன் செய்தார். ஜெம்ஃபைப்ரோசில் என்று பெயராம். மருந்தையும் நேரில் பார்க்க வேண்டும் என்றதால் லாக்கர் சாவியை ராஜு மாமாவிடம் கொடுத்தேன். மண்டோர் பார்க்காமல் லாக்கரைத் திறக்க முடியாது என்று எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும்.

"லாக்கரைத் திறந்துட்டா உங்க வேலை அவ்வளவுதான் மச்சான்," என்றான்.

"போய் எடுத்துட்டு வா."

அன்றைக்கு அம்மா கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். ஊட்டும்போது கோபத்தில் கரண்டி பல்லில் இடித்தது.

டாக்டர் விளக்கினதை எழுதுகிறேன். இரண்டும் நல்ல மருந்துதான். ஒன்று கொலஸ்ட்ராலுக்கு, மற்றது ரத்தத்தில் இருக்கிற வேறொரு வகைக் கொழுப்புக்கு. தனித்தனியாகப் போட்டால் பெரும்பாலான ஆட்களுக்கு ஒன்றும் ஆகாது. சேரும்போது தசை உடைகிற ஆபத்து பல மடங்கு கூடுகிறது. அதன் மேல் விரதம், தண்ணீர் குறைவு, அந்த நடை, அந்த வெயில். ஆக, மலை ஏறினதால் வந்த வலியா, மருந்தால் வந்த வலியா என்று கேட்டேன். இரண்டும் என்றார். எது எவ்வளவு? சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னமும் பிடிக்கவில்லை. முதல் நாள் வலியில் எது முருகனுடையது, எது மாத்திரையுடையது என்று படுத்துக்கொண்டே பிரித்துப் பார்த்தேன். பிரியவில்லை.

மிஷின் வரைக்கும் போகவில்லை. பையில் நிறம் மாறுவதை நானும் பாக்சிக்கும் காலையில் சேர்ந்து பார்ப்போம். கோப்பி-ஓ போய், பால் விடாத தேத்தண்ணி, தே-ஓ ஆனது, நாலைந்து நாளில் பார்லித் தண்ணீர் ஆனது. அன்றைக்கு அவர், "இன்று கடையைத் திறக்கலாம்," என்று மலாயில் சொல்லிக் கையைத் தட்டினார். சூரணத்தின் சோதனையில் ஒன்றும் இல்லை. அதை நானே அம்மாவிடம் சொன்னேன். "தெரியும்," என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது இரண்டு மருந்தும் நிறுத்தப்பட்டிருந்தது. கம்பெனிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இப்போது மூன்று மாதமாக நான் கேட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். லெட்சுமணன் எனக்கு நாற்காலியின் பாதியைத் துடைத்துக் கொடுத்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தசையின் எண் சரியாக இருக்கிறது, சிறுநீரகம் சரியாக இருக்கிறது. கொலஸ்ட்ரால் பழைய இடத்துக்கே போய்விட்டது. டாக்டர் வாசுகி மறுபடியும் தான் முதலில் கொடுத்த மாத்திரையின் வகையிலேயே வேறொன்றை, குறைந்த அளவில், அது ஒன்றை மட்டும் ஆரம்பிக்கலாம் என்றார்.

"அதுதானே இவரைப் படுக்க வைச்சது?" என்று அம்மா கேட்டாள்.

"ரெண்டும் சேர்ந்து படுக்க வைச்சது ஆன்டி. மருந்தே இல்லாம விட்டா, அவங்க அண்ணனுக்கு ஆன மாதிரி..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

"இந்தத் தடவை ஒண்ணும் ஆகாதுன்னு எழுதித் தருவீங்களா?"

"எழுதித் தர மாட்டேன். ஆக வாய்ப்பு ரொம்பக் குறைவு. மாசம் மாசம் ரத்தம் பார்ப்பேன். வலி வந்தா, நிறம் மாறினா, மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே வரணும். மலை ஏறினேன், சாமிக்கு நடந்தேன்னு காரணம் தேடிட்டு வீட்டுல உட்காரக் கூடாது. வேற எந்த டாக்டர்கிட்ட போனாலும் இதைச் சொல்லணும். சில இருமல், காய்ச்சல் மருந்துகூட இதோட சேராது. வலி ஒண்ணும் இல்லன்னா, நல்லா இருக்கேன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது."

அப்புறம்தான் உங்களைப் பற்றிக் கேட்டார். பெற்றவனுக்கு இருந்தால் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இருக்கலாமாம். அது ஊசி போட்டுப் பார்க்காமல் தெரியாது. சின்ன வயதில் தெரிந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது என்றார். தேவி, நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். பெண்பிள்ளைகள் குழந்தை உண்டாகியிருக்கும்போது இந்த மாத்திரையைத் தொடக்கூடாதாம். அதையும் எழுதி வைக்கிறேன், என்றைக்காவது உதவும். சுகு, நீ பேட்மிண்டன் ஆடிவிட்டு வாசலில் படுத்திருந்தபோது உன் குதிகாலை நான் தொட்டுப் பார்த்தேன். நீ கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டாய். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தடிமனா, சாதாரணமா, என் விரலுக்குத் தெரியவில்லை.

மாத்திரையை வாங்கி வந்து பத்து நாள் அலமாரியிலேயே வைத்திருந்தேன். அம்மா போடாதே என்றாள், அடுத்த நாள் போடு என்றாள். ராஜு மாமா வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கச் சொன்னான். படுத்தால் அண்ணன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்திருப்பது வரும், எழுந்தால் அந்தக் கறுப்புத் தண்ணீர்ப் பை வரும். எனக்கு மருந்தைப் பார்த்துப் பயமா, மருந்து இல்லாமல் இருப்பதைப் பார்த்துப் பயமா என்று கேட்டால், மணிக்கு ஒரு பதில் சொல்வேன்.

நேற்றுச் சாயங்காலம் நீங்கள் ரெண்டு பேரும் டியூஷனுக்குப் போயிருந்தீர்கள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அலமாரியைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு விழுங்கினேன். பிறகு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, கைலியைத் தூக்கிக் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தேன். வலிக்கவில்லை. மாத்திரை இன்னும் வயிற்றுக்கே போய்ச் சேர்ந்திருக்காது. மற்றக் காலையும் அமுக்கிப் பார்த்தேன்.